மேற்குச் சுவரில் பதினாறு

மேடை நடுவில் நின்று
பலூனை ஊதி ஊசியால் குத்தினேன்.
வெடித்த சத்தம் மேலே போய்
தேக்கு விதானத்தில் முட்டித் திரும்பி
ஒன்றரை வினாடி உயிரோடு இருந்தது.
காலி அரங்குக்கு நல்ல எண்தான்.
குறித்துக்கொண்டேன்.

ராயபுரம், வேதாசலம் ஹால், 1940.
கட்டியவர் உப்புக் குத்தகைக்காரர்.
வரைந்தவர் எபநேசர்.
பெரம்பூர்ப் பட்டறையில்
ரயில் பெட்டிகளுக்குக் கூரை வரைந்தவர்,
வேறு கூரை தெரியாதவர்.
அண்ணாந்து பார்த்தால்
நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளும்
எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன,
ஸ்டேஷன் எதுவும் வராமல்.

மேடைக்கு அடியில் ஆற்றுமணல் என்கிறது வரைபடம்.
காவலாளி தேசிங்கு ஒரு பலகையைப் பெயர்த்துக் காட்டினார்.
மணல் இல்லை, மூட்டை மூட்டையாக உப்பு,
கல்லாக இறுகி.
எத்தனை தம்புராவைக் கேட்டதோ.
"ஐப்பசில மேடை வேர்க்கும் மேடம்.
பாட்றவங்க ஏசி கேப்பாங்க."

நாலரைக்குத் துறைமுகத்துச் சரக்கு வண்டி.
நாற்காலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
பழைய பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி:
இரவு 7.50 வண்டிக்குத்
தனியாவர்த்தனம் விட்டுவிடவும்.

பிறகுதான் மேற்குச் சுவரைப் பார்த்தேன்.
ஆள் உயரத்துக்கு மேல் பதினாறு திறப்பு,
இரண்டடிக்கு முக்காலடி.
காற்றுக்காக, என்று வரைபடத்தில் சின்ன எழுத்து.
கடல் கிழக்கே இருக்கிறது.
கிழக்குச் சுவரில் ஒரு துளைகூட இல்லை.

மேற்கே சந்து,
துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் லைன் வீடுகள்.
கடைசி வரிசை டிக்கெட் நாலணா.
நாலணா வைத்திருந்தாலும்
சட்டை அணியாதோருக்கு அனுமதி இல்லை
என்று வாசலில் ஒரு போர்டு.
அது இப்போது பின்னறையில்,
உடைந்த நாற்காலிக்கு முட்டுக்கொடுத்து.

ரசீதுக் கட்டில் குத்தகைக்காரரின் மூன்று கடிதம்.
ஓட்டைகளை உடனே அடைக்கவும்.
எபநேசரின் மூன்று பதில்.
முதலாவது: அடைத்தால் நாதம் கெடும்.
இரண்டாவது: யுத்தம், செங்கல் கிடைக்கவில்லை.
மூன்றாவதில் தேதியும்
தங்கள் சித்தம் என்ற இரண்டு சொல்லும்தான்.
அடைத்ததற்கு ரசீது இல்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அடைத்தால் நாதம் கெடாது.
எபநேசர் பொய் சொல்லியிருக்கிறார்.
லேப்டாப்பை மூடிவிட்டுச் சற்று நேரம்
சிரித்துக்கொண்டிருந்தேன், யாருமில்லாத அரங்கில்.
ஒன்றரை வினாடி அதுவும் கூட இருந்தது.

திறப்பு இரண்டு பக்கமும் திறப்புதானே.
1958 மார்கழி, பதிவேடு சொல்கிறது:
சந்தில் சாவு. பறை, இரவெல்லாம் கானா.
வீணைக் கச்சேரி அரைமணி நிறுத்தம்.
சபையோர் கலையவில்லை.
கட்டணம் திருப்பித் தரப்படவில்லை.
ஏன் கலையவில்லை என்று
எழுதியவர் எழுதவில்லை.

மீட்டரை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன்,
கொஞ்சம் கர்வத்தோடு,
அந்த ரகசியத்தை நானே கட்டியதுபோல.
குழாயடியில் குடம் மாற்றிக்கொண்டிருந்த பூங்காவனம்
"இன்னா அளக்கற?" என்றாள்.
சொன்னேன். எபநேசரையும் சொன்னேன்.
"யாரா இருந்தா இன்னா.
டான்ஸ் ஸ்கூல்காரன் ஸ்பீக்கர் வச்சா
புள்ள தூங்கறதில்ல,
மாமனாருக்கு நெஞ்சு படபடங்குது.
அடைக்கச் சொல்லி எத்தினி தபா
எழுதிக் குடுத்தாச்சு தெரியுமா?"

எனக்குப் பதில் வரவில்லை.
மைக் இல்லாத காலத்துச் சுவர் அது.
கசிந்தது போதாமல்
காதை ஓட்டி நின்றிருப்பார்கள் அப்போது.
இப்போது கொட்டுகிறது.

"எல்லாத்தையும் அடைச்சிராத" என்றாள்,
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.
"அந்தக் கோடில கீதே, அத வுட்டுடு."
பார்த்தேன். கடைசித் திறப்பிலிருந்து
ஒரு கறுப்பு ஒயர் இறங்கி
அவள் வீட்டு ஓட்டுக்குள் போயிற்று.
உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம்.
நாங்கள் இரண்டு பேரும்
வேறு எங்கோ பார்த்தோம்.

அறிக்கையின் ஒன்பதாம் பக்கம்:
மேற்குச் சுவர், திறப்புகள் பதினைந்து.
ஒலிக்கசிவு மிகுதி. அடைக்கலாம்.

கீழே கையெழுத்து, தேதி.
தங்கள் சித்தம் என்று எழுதும் வழக்கம்
இப்போது இல்லை.